பிறந்த வீட்டுச் சீலை

சென்ற வருடக் கடைசியில் விடாமல் பெய்த மழையில் மலையகத்தில் பல தோட்டங்களில் மண் சரிந்ததே, அந்தச் சமயத்தில் நடந்தது இது. நான் இருப்பது வட்டவளையில். ரோட்டுக்கு மேலே ஒரு சின்ன வீடு. முன்னறையில் மெசின் போட்டு, சாரி ஜாக்கட், பிள்ளைகளின் ஸ்கூல் யூனிபோர்ம் எல்லாம் தைத்துக் கொடுக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியதிலிருந்து இந்தத் தையல்தான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை.

நான் எதற்கும் பயப்படுகிறவள். தகரத்தில் மழை விழத் தொடங்கினாலே வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பார்த்து என்ன செய்யப் போகிறாய் என்று வீட்டுக்காரர் கேட்பார். பார்க்காமல் இருக்க முடியாது, அவ்வளவுதான். அந்த மழைக்கு எங்கள் மேடு சரியாமல் நின்றுவிட்டது. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில், ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் பாதி மண்ணுக்குள் போய்விட்டது. போனில் அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வருடக் கணக்காகப் பயந்துகொண்டிருந்த எனக்கு ஒன்றும் ஆகவில்லை. யார் யாருக்கோ ஆகிவிட்டது. இதற்கு நான் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று ஒரு தவிப்பு.

எங்கள் தெருவில் எல்லோரும் கொடுத்தார்கள். அரிசி, பருப்பு, பிஸ்கட், பிள்ளைகளுக்குப் பால்மா. துணி விசயத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். துணி எனக்குத் தெரிந்த விசயம் இல்லையா. முன்பு ஒரு வெள்ளத்தின்போது வீட்டுக்காரர் சாமான் கொண்டுபோய்விட்டு வந்து சொன்னதை நான் மறக்கவில்லை. பட்டன் போன சட்டையும் கிழிந்த பாவாடையுமாக மலை மாதிரி குவித்திருந்தார்களாம். மழையில் நனைந்து, கடைசியில் அதன்மேல் நாய் படுத்துக் கிடந்ததாம். அந்த மாதிரி நாம் செய்யக் கூடாது, கொடுத்தால் புதுசுதான் என்று முடிவு பண்ணினேன்.

அட்டனில் நான் வழக்கமாகத் துணி எடுக்கும் கடைக்காரரிடம் போய் விசயத்தைச் சொன்னதும் சீலைக் கட்டுகளை எடுத்துப் போட்டார். லாபம் வேண்டாம் என்றார். அங்கேயும் என் மனசு சும்மா இருக்கவில்லை. சாவு விழுந்த இடத்துக்குப் போகிறோம், சிவப்பும் மஞ்சளுமாகக் கொண்டுபோனால் என்ன நினைப்பார்கள்? அதனால் சந்தன நிறம், சாம்பல் நிறம், வெளிறிய நீலம், இப்படியே பொறுக்கினேன். கரைகூட மெல்லிசாக இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தேன்.

"என்னாம்மா, எல்லாம் வெளுத்த கலராவே எடுக்குறீங்க?" என்று கடைக்காரர் கேட்டார். காரணத்தைச் சொன்னேன். நீங்க சொல்றதும் சரிதான் என்று அவரும் தலையாட்டினார்.

அந்தத் தோட்டத்தில் வீடு போனவர்களைத் தங்கவைத்திருந்த முகாமைப் பார்த்துக்கொள்கிற ஆசிரியரின் போன் நம்பர் என்னிடம் இருந்தது. என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று போனைக் கையில் எடுத்துக்கூடப் பார்த்தேன். கஷ்டத்தில் இருக்கிற ஆட்களை அதைச் சொல்லு, இதைச் சொல்லு என்று தொந்தரவு பண்ணுவது நன்றாகவா இருக்கும்? வைத்துவிட்டேன்.

கொழுந்தனிடம் ஒரு வேன் இருக்கிறது. ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். ஸ்கூல் எல்லாம் மூடியிருந்ததால் அதிலேயே சாமான்களை ஏற்றிக்கொண்டு காலையில் கிளம்பினோம். வீட்டுக்காரருக்கு வேலை. கொழுந்தனும் நானும் மட்டும்தான். வழியெல்லாம் நான் மேலே பார்ப்பதும் கீழே பார்ப்பதுமாக இருந்தேன்.

"அண்ணி, நீங்க ரோட்டப் பாத்துக்கிட்டே வந்தா நான் என்னாத்தப் பாத்து ஓட்டுறது?" என்றார்.

"அந்த மேடு வெடிச்சிருக்கு தம்பி."

"அது நான் ஸ்கூலுக்குப் போன காலத்துலயே வெடிச்சதுதான். கண்ண மூடிக்கிட்டு சாமியக் கும்புடுங்க. இல்லாட்டி ஒரு பணிஸ் சாப்பிடுங்க."

தலவாக்கலையைத் தாண்டியதும் பொலிஸ் நிப்பாட்டி, சாமான் வண்டிகளை மட்டும்தான் விடுகிறோம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார்கள். பஸ் ஒன்றும் ஓடவில்லை. எதிரே வந்ததெல்லாம் எங்களைப் போல சாமான் இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டிகள்.

முகாம் ஒரு ஸ்கூலில் இருந்தது. அதன் முற்றத்தில் நின்றால் எதிர்ச் சரிவு தெரியும். பச்சைத் தேயிலைக்கு நடுவில் மேலிருந்து கீழே வரைக்கும் செம்மண்தான். அதன் அடியில் ஒரு பெக்கோ மெசின் தோண்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நாங்கள் அங்கே இருந்த நேரம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆசிரியர் சின்ன வயசுக்காரர். தூங்கிப் பல நாள் ஆனவர் போல இருந்தார். அரிசியையும் பால்மாவையும் பார்த்ததும் முகம் தெளிந்தது. துணிக் கட்டு இறங்கியதும், "துணியா?" என்றார். பிறகு ஒரு வகுப்பறையைக் காட்டினார். ஜன்னல் உயரத்துக்குத் துணி. அந்த ஒரு அறையை ஒழித்தால் மூன்று குடும்பம் படுக்கலாம்.

"எங்களது புதுசுங்க சேர்," என்றேன். ரொம்பப் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் நல்லதுங்க என்றார்.

கொழுந்தன் சாமானை அடுக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். என்னைவிடப் பத்து வயசு குறைவாக இருக்கும். யாரோ கொடுத்த பாவாடை, மேலே ஒரு ஆம்பளைச் சட்டை. பாவாடையின் ஓரமெல்லாம் காய்ந்த மண்.

"அக்கா, நீங்க எந்தப் பக்கமா திரும்பிப் போறீங்க?" என்று கேட்டாள்.

அட்டன் பக்கம் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. என்ன விசயம் என்று கேட்டேன். படிக்கட்டில் உட்கார்ந்து சொன்னாள். மண் வந்த அன்றைக்கு, தண்ணி ஏறுகிறது, மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று அவள் வீட்டுக்காரர் கொட்டகைக்குப் போயிருக்கிறார். இவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயில் பக்கம் ஓடியிருக்கிறாள். அப்புறம்தான் அந்தச் சத்தம்.

"மாடு வந்திருச்சுக்கா. மறுநா காலையில கோயிலுக்கு மேல நின்னு மேயுது. மாட்ட அவுத்தவரும் அந்தப் பக்கமாத்தானே போயிருப்பாரு?"

ஆமாம்மா, அப்படித்தான் இருக்கும் என்றேன்.

கீழே ஆற்றோரத்தில் ஒருத்தரை உயிரோடு எடுத்து, ஆமி வண்டியில் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பேச்சில்லையாம். உயரமான ஆள், மீசை இருக்கிறது என்று பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவள் வீட்டுக்காரரும் உயரம், மீசைக்காரர். ஆசிரியர் போன் பண்ணிக் கேட்டதற்கு, நேரில் வந்து அடையாளம் காட்டினால்தான் தெரியும் என்றார்களாம். வீட்டுக்காரரின் ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. எல்லாம் மண்ணுக்குள். அதனால் இவளேதான் போயாக வேண்டும். வருகிற வண்டிகளிடம் எல்லாம் கேட்டிருக்கிறாள். சிலர் வண்டியில் இடமில்லை என்றார்கள். சிலர் அந்தப் பக்கம் ரோடு சரியில்லை என்றார்கள். சிலர் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் கொழுந்தனைப் பார்த்தேன். "நானுஓயாப் பக்கம் தொறந்திருக்காங்க அண்ணி. போயிட்டு வந்துரலாம்," என்றார் உடனே. எனக்கு அந்த ரோட்டை நினைத்துப் பயம்தான். இருந்தாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வா தங்கச்சி, நாங்க கூட்டிட்டுப் போறோம் என்று சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிமிசம் எனக்கு வந்த சந்தோசத்தை இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இதற்காகத்தான் கடவுள் நம்மை இவ்வளவு தூரம் கூட்டிவந்திருக்கிறார் என்றெல்லாம் நினைத்தேன்.

பேச்சுவாக்கில் எந்தத் தோட்டத்தில் பிறந்தாய் என்று கேட்டேன். வட்டவளைக்குக் கீழே இருக்கிற தோட்டம். அம்மா அப்பா இல்லை. ஒரே அண்ணன் கொழும்பில் கடையில் நிற்கிறார், ரோடு அடைபட்டதால் வர முடியவில்லை. "அப்ப நீ எங்க ஊருப் புள்ளயில்ல?" என்றேன். மண் சரிந்ததற்குப் பிறகு முதல் தடவையாக அவள் சிரித்தாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

பிள்ளையைப் பக்கத்து லயத்து அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு, தலையை வாரி முடிந்துகொண்டு வந்தாள். அந்த மண் பாவாடையும் ஆம்பளைச் சட்டையுமாக. இந்தக் கோலத்தில் எப்படி நுவரெலியா டவுனுக்கு வந்து ஆஸ்பத்திரிக்குள் நுழைவாள்? வாசலிலேயே நிறுத்திவிடுவார்களோ? எனக்குத்தான் எல்லாவற்றுக்கும் ஒரு பயம் இருக்குமே. ஓடிப்போய்க் கட்டைப் பிரித்து, இருப்பதில் நல்லதாக ஒரு சந்தன நிறச் சீலையை எடுத்து வந்தேன். இரண்டு கையாலும் அவளிடம் நீட்டி, "இதக் கட்டிக்கிட்டு வாம்மா. பொறந்த வூட்டுச் சீலைன்னு நெனச்சிக்க," என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

தாலி கட்டிய ஒருத்திக்கு, பிறந்த வீட்டு ஆட்கள் வெளுத்த நிறத்தில் புதுச் சீலை எடுத்துக்கொண்டு வருவது எதற்கு என்று நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புருசன் செத்தவளுக்குப் பிறந்த வீட்டில் போடுகிற கோடி அது. எங்கள் குடும்பத்திலேயே எத்தனை போட்டிருக்கிறோம். கோடி எடுக்க எந்தக் கடைக்குப் போக வேண்டும், யார் கையால் கொடுக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். நிறத்தைப் பற்றி யோசித்தேன், புதுசா பழசா என்று யோசித்தேன். வாங்கப் போகிறவர்களுக்குள், புருசனைத் தேடிக்கொண்டிருக்கிற ஒருத்தி இருப்பாள் என்று மட்டும் யோசிக்கவில்லை.

வராந்தாவில் பிள்ளையை வைத்திருந்த அந்த அம்மாதான் கேட்டார்.

"என்னாம்மா இது? ஆள இன்னும் தோண்டிக்கிட்டு இருக்கானுங்க. அதுக்குள்ள கோடி எடுத்துட்டு வரச் சொல்லி யாரு ஒங்களுக்குச் சொல்லி விட்டது?"

தெரியாமல் செய்துவிட்டேன், அந்த எண்ணத்தில் இல்லை என்று என்னென்னவோ சொன்னேன். அவள் சீலையைத் தொடவே இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய்த் தன் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"நீங்க போங்கக்கா. நான் வரல."

கொழுந்தன் வந்து, "தங்கச்சி, அத இங்கயே வச்சிட்டுப் போவோம். அண்ணிக்கு வேற ஒண்ணும் மனசுல இல்ல. நீங்க ஏறுங்க, நேரம் போகுது," என்றார்.

அவள் கத்தவில்லை. அழக்கூட இல்லை. "அவரு கண்ணு முழிச்சிப் பாக்குறப்ப, எனக்குக் கோடி ஏத்திக்கிட்டு வந்த வண்டியில நான் போயி நிக்கணுமாண்ணே?" என்று கேட்டாள்.

கொழுந்தன் போய் ஆசிரியரைக் கூட்டிவந்தார்.

ஆசிரியரும் பேசிப் பார்த்தார். அவள் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். மலையில் பனி இறங்க ஆரம்பித்தது. பொழுது சாய்வதற்குள் போக வேண்டும் என்று பொலிஸ் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. சொல்லப்போனால், அது ஞாபகம் வந்தது எனக்கு நல்லதாகப் போயிற்று. அதைச் சாக்காக வைத்துக் கிளம்பினேன். நான் அங்கேயே இறங்கி நின்றுகொண்டு, அந்த அம்மாவையும் அவளையும் வேனில் அனுப்பியிருக்கலாம். கொழுந்தன் எங்கேயாவது வேறு ஒரு வண்டி பேசிக்கொண்டு வந்திருக்கலாம். இதெல்லாம் பிறகு தோன்றியதுதான். அப்போது அந்த வராந்தாவை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது.

திரும்பும்போது பின் சீட் எல்லாம் காலி. நானுஓயாவுக்குத் திரும்புகிற இடம் வந்ததும் கொழுந்தன் வண்டியை ஓரம் கட்டினார்.

"அண்ணி, நாம போயி பாத்துட்டு வருவமா?"

"நமக்கு அந்த ஆளத் தெரியாதே தம்பி."

"இந்நேரம் முழிச்சிருந்தா பேரக் கேட்டாலே தெரிஞ்சிரும். சேருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிரலாம்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அரை மணி, முக்கால் மணி ஓட்டம். ஆனால் எனக்கு அந்த ரோட்டையும், மேலே தொங்குகிற மண்ணையும் நினைத்துப் பயம். அதைவிட, அங்கே போய் அவர்தான் அது என்று தெரிந்து, அவளுக்கு நான் போன் பண்ணிச் சொல்ல வேண்டி வந்தால், எந்த முகத்தோடு பேசுவது என்று இன்னொரு பயம். "இருட்டிப் போயிரும் தம்பி, வூட்டுக்குப் போவோம்," என்றேன். அவர் வண்டியை எடுத்தார். என்னைக் கிண்டல் பண்ணாமல் அவர் ஓட்டிக்கொண்டு வந்த ஒரே பயணம் அதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் நானாக இல்லை. மெசினில் உட்கார்ந்தால் கோணலாகப் போகும். யூனிபோர்ம் ஒன்றுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டி வைத்தேன். ஆசிரியரின் நம்பரைத் தினமும் எடுப்பேன், ஒரு மணி அடித்ததும் வெட்டிவிடுவேன். ஒருவேளை அந்த ஆஸ்பத்திரி ஆள் அவள் புருசனாக இருந்து, இவள் போவதற்குள் ஏதாவது ஆகிவிட்டிருந்தால்? அதைக் கேட்க எனக்குத் தைரியமில்லை. தெருவில் ஆட்கள், "பெரிய காரியம் பண்ணிட்டு வந்திருக்கீங்க," என்று சொல்லும்போது தலையை ஆட்டிக்கொண்டு நிற்பேன்.

பல வாரம் கழித்து ஆசிரியரே போன் பண்ணினார். என் நம்பரில் இருந்து அடிக்கடி மிஸ்ட் கோல் வந்திருக்கிறது, யார் என்று கேட்டார். சொன்னதும் ஞாபகம் வந்துவிட்டது. நானாகக் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். நாங்கள் போய் இரண்டு மூன்று நாள் கழித்து ஆமி வண்டி ஒன்றில் அவள் நுவரெலியாவுக்குப் போயிருக்கிறாள். அந்த ஆள் வேறு தோட்டத்துக்காரர். அதற்குள் முழித்து, பேரும் சொல்லி, அவர் வீட்டு ஆட்களும் வந்துவிட்டார்கள். இவள் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். இவள் வீட்டுக்காரரைப் பிறகு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே மண்ணில் இருந்து எடுத்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்தது அவள் வீட்டுக்காரர் இல்லை என்று கேட்டதும், நெஞ்சில் இருந்து பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. நல்லவேளை என்று வாய்க்குள் சொல்லியும்விட்டேன். அப்புறம்தான் நான் எதற்கு நல்லவேளை சொன்னேன் என்று உறைத்தது. என் பிழை பெரிதாகாமல் போனதற்காக, ஒருத்தியின் புருசன் ஆஸ்பத்திரியில் உயிரோடு இல்லாமல் போனதை நல்லவேளை என்று சொல்லியிருக்கிறேன்.

அவள் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று ஆசிரியரிடம் கேட்டேன். "எத்தனையோ வண்டி வந்து போச்சுங்கம்மா. அவங்களுக்கு யாரு ஞாபகம் இருக்கப் போகுது," என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

கொழுந்தனிடம் சொன்னபோது, எப்படிப் பார்த்தாலும் அந்த இரண்டு மூன்று நாள் அவள் நம்பிக்கையோடு இருந்தாள் அல்லவா, அதுவும் நல்லதுதானே என்றார். நானும் அப்படி நினைத்துப் பார்க்க முயற்சி பண்ணினேன். முடியவில்லை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, முற்றத்தில் நின்று, சாமான் இறக்கிவிட்டு வெறுமனே திரும்புகிற ஒவ்வொரு வண்டியையும் அவள் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். அந்த இரண்டு மூன்று நாளில் அப்படித் திரும்பிய முதல் வண்டி எங்களுடையது.

அன்று போனை வைக்கும் முன் ஒரு காரியம் மட்டும் உருப்படியாகச் செய்தேன். உங்களுக்கு இப்போது என்ன வேண்டும் என்று கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவர் யோசிக்கவே இல்லை. "சாமான் போதுங்கம்மா. வண்டி இருந்தா அனுப்புங்க," என்றார். அடையாள அட்டை எடுக்க டவுனுக்குப் போக வேண்டும், கிளினிக்குக்குப் போக வேண்டும், பஸ் இன்னும் சரியாக ஓடவில்லை என்றார். அதிலிருந்து கொழுந்தன் சனிக்கிழமைகளில் வெறும் வேனை எடுத்துக்கொண்டு போகிறார். டீசலுக்குத் தெருவில் எல்லோரும் பங்கு போடுகிறோம். வெறும் வண்டி போவதைப் பார்த்து, "என்னா, ஒண்ணும் கொண்டு போகலயா?" என்று சிலர் கேட்கிறார்கள்.

நான் இன்னும் ஒரு தடவையும் அந்த வேனில் ஏறவில்லை. அவளைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. கேட்டு, அவளுக்கு அந்த நாளை மறுபடி ஞாபகப்படுத்தி, என் நெஞ்சுப் பாரத்தை மட்டும் இறக்கிவைத்துவிட்டு வருவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. இப்போதெல்லாம் யாருக்காவது கொடுக்கலாம் என்று மனசு துடிக்கும்போது, அன்றைக்குப் போனைப் பிடித்துக்கொண்டு நான் சொன்ன அந்த 'நல்லவேளை'தான் முதலில் காதில் விழுகிறது. அது அடங்கும் வரைக்கும் காத்திருந்துவிட்டுத்தான், உங்களுக்கு என்ன வேண்டும் என்று வாயைத் திறக்கிறேன்.